இணையவழிப் பாடநெறியை வடிவமைப்பது எப்படி? தையல் வகுப்பை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இணையத்தில் வகுப்பு எடுக்கலாம் என்று முடிவு செய்தவர்களில் பெரும்பாலோர் முதலில் வாங்குவது ரிங் லைட். அடுத்த சில நாட்களில் பத்துப் பதினைந்து காணொளிகள் தயாராகிவிடும். வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் போன பிறகுதான் தெரியும்: சேர்ந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் எதையும் செய்து பார்க்கவில்லை.

காணொளி எடுப்பது இந்த வேலையில் ஏழாவது படி. முந்தைய ஆறு படிகளையும் தாண்டிக் குதித்தவர்கள், எடுத்ததையே திரும்ப எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டுதான்: நான்கு வாரத்தில் சாதாரண பிளவுஸ் தைக்கக் கற்றுத்தரும் வகுப்பு. ஆசிரியைக்குத் தொழில் கைவந்தது, கணினி பழக்கம் குறைவு. மாணவிகள் வீட்டிலிருந்து ஃபோனில் படிப்பவர்கள். நீங்கள் கற்றுத்தரப்போவது கேக் செய்வதோ கடைக் கணக்கு எழுதுவதோ எதுவானாலும் படிகளின் வரிசை மாறாது.

தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

நேரில் ஒரு சிலருக்காவது இதே பாடத்தைக் கற்றுத்தந்திருக்க வேண்டும். நேரில் கற்பிக்கும்போது மாணவியின் முகம் சுருங்குவதைப் பார்த்து நாம் பேச்சை மாற்றிக்கொள்வோம். இணையத்தில் அந்த முகம் தெரியாது. எந்த இடத்தில் முகம் சுருங்கும் என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் சமாளிக்க முடியும்.

இரண்டு ஃபோன் தேவை. ஒன்று படம் எடுக்க. இன்னொன்று, எடுத்தது சாதாரண ஃபோனில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க. இது எவ்வளவு மலிவானதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இவற்றோடு ஒரு நோட்டு. பிறகு, தையல் அறவே தெரியாத, உங்களிடம் கூச்சப்படாத ஒருவர். பக்கத்து வீட்டுப் பெண்ணோ தங்கை மகளோ யாராக இருந்தாலும் சரி. இந்த ஒருவர் இல்லாமல் மூன்றாம் படியைத் தாண்டாதீர்கள்.

1. கடைசி நாளில் மாணவியின் கையில் என்ன இருக்கும்?

இதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எங்கள் எடுத்துக்காட்டில் இப்படி: "நான்கு வார முடிவில் மாணவி, வீட்டில் ஒருவருக்கு அளவெடுத்து, லைனிங் இல்லாத பருத்தி பிளவுஸ் ஒன்றை வெட்டித் தைத்து, அவருக்குப் போட்டுப் பார்த்திருப்பார்."

"தையலின் அடிப்படைகளைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். புரிந்ததா இல்லையா என்பதை உங்களால் பார்க்க முடியாது. பிளவுஸைப் பார்க்க முடியும். கண்ணால் பார்த்துச் சரி, தவறு சொல்லக்கூடிய ஒரு பொருள் முடிவில் இருந்தால், நடுவில் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தானாகத் தீர்ந்துவிடும்.

அதே தாளின் கீழே "இதில் இல்லாதவை" என்றும் ஒரு பட்டியல் போடுங்கள். லைனிங், பிரின்சஸ் கட், பஃப் கை, ஆரி வேலை. சேரும் முன்பே இதைப் படித்தவர் இரண்டாம் வாரத்தில் "போட் நெக் எப்போது வரும் டீச்சர்?" என்று கேட்டு மற்றவர்களையும் திசைதிருப்ப மாட்டார்.

2. யார் வரப்போகிறார்கள்?

சேர வாய்ப்புள்ள ஐந்து பேரிடமாவது பேசுங்கள். "இணையத்தில் தையல் கற்க விருப்பமா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் பயனில்லை. வீட்டில் மெஷின் இருக்கிறதா, கால் மெஷினா மோட்டார் போட்டதா, கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், ஃபோன் உங்களுடையதா வீட்டில் எல்லாருக்கும் பொதுவா, ஒரு நாளில் யாரும் கூப்பிடாத நேரம் எது என்று கேளுங்கள்.

பதில்கள் வகுப்பின் வடிவத்தையே மாற்றும். ஃபோன் பொதுவானது என்றால் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்த பிறகு அது அம்மாவிடம் இருக்காது. மாலை ஆறு மணிக்கு நேரலை வைத்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். மதியம் இரண்டரை மணிக்கு வருவார்கள். மெஷின் ஓர் அறையிலும் வைஃபை இன்னோர் அறையிலும் இருக்கும் வீடுகளும் உண்டு. அவர்களுக்குக் காணொளியைப் பதிவிறக்கம் செய்துகொள்ளும் வசதி இருந்தாக வேண்டும்.

அடுத்து, நுழைவுச் சோதனை ஒன்று வையுங்கள். யாரையும் வெளியே நிறுத்த வேண்டாம். எங்கே தொடங்குவது என்று உங்களுக்குத் தெரிவதற்குத்தான் இது. நான் பரிந்துரைப்பது ஒரே கேள்வி: "மார்பளவு 35 அங்குலம். அதில் நாலில் ஒரு பங்கு எவ்வளவு? இஞ்ச் டேப்பில் அந்த இடத்தில் விரலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்."

விடை எட்டே முக்கால். கால்குலேட்டர் 8.75 என்று காட்டும். டேப்பில் ஓர் அங்குலம் எட்டுக் கோடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். புதியவர் 8.75இல் உள்ள ஏழைப் பார்த்துவிட்டு, எட்டுக்கு அடுத்த ஏழாவது சிறு கோட்டில் விரலை வைப்பார். அது எட்டே முக்காலும் அரைக்காலும். அரைக்கால் அங்குலம்தானே என்று விட்டால், நாலு பங்கிலும் சேர்ந்து சுற்றளவில் அரை அங்குலம் கூடிவிடும். நான்காம் வாரத்தில் "பிளவுஸ் தொளதொள என்று இருக்கிறது" என்று வரும் புகாரின் வேர் இங்கேதான். சோதனையில் இது தெரிந்துவிட்டால், டேப் படிப்பதற்கே முதல் வாரத்தில் ஒரு பாடம் ஒதுக்கலாம்.

3. வேலையைப் பின்னாலிருந்து பிரியுங்கள்

முடிந்த பிளவுஸை மேசையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி எழுதிக்கொண்டே போங்கள். ஹூக் வைக்க என்ன முடிந்திருக்க வேண்டும்? பட்டி. பட்டிக்கு முன்? கழுத்து. கழுத்துக்கு முன் தோள் மூட்டு. அதற்கு முன் டாட் (உடல் வடிவத்துக்கு ஏற்பத் துணியை மடித்துத் தைக்கும் இடம்). அதற்கு முன் துணி வெட்டுதல், அதற்கும் முன் காகிதத்தில் வரைதல், அளவெடுத்தல், நேராகத் தையல் போடுதல், பாபினில் நூல் சுற்றி மெஷினில் நூல் கோத்தல்.

முன்னாலிருந்து எழுதினால் நமக்குப் பிடித்ததையெல்லாம் சேர்த்துவிடுவோம். மெஷினின் பாகங்கள், துணி வகைகள், நூல் எண்கள் என்று முதல் வாரம் முழுவதும் பேச்சிலேயே போய்விடும். பின்னாலிருந்து வந்தால், அடுத்த வேலைக்குத் தேவைப்படாத எதற்கும் பட்டியலில் இடம் கிடைக்காது.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் இப்போது வேண்டும். பட்டியலில் உள்ள ஒரு வேலையை அவரிடம் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பாருங்கள். உதவக் கூடாது. எங்கெல்லாம் கை நிற்கிறதோ அதை நோட்டில் எழுதுங்கள். பல வருடம் தைத்தவருக்கு "நேராகத் தையுங்கள்" என்பது ஒரு படி. புதியவருக்கு அதில் துணியை எந்தக் கையால் பிடிப்பது, கண் ஊசியைப் பார்க்க வேண்டுமா துணியின் ஓரத்தையா, நிறுத்தும்போது ஊசி மேலே இருக்க வேண்டுமா கீழேயா என்று பல படிகள் ஒளிந்திருக்கின்றன. ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லாமல் வந்துவிட்ட பழக்கம். அவர் ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பார், தையல் பாம்பாக வளையும்.

இப்படிக் கிடைத்த துண்டுகளை நான்கு வாரங்களில் அடுக்கும்போது ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: முதல் வாரத்திலேயே ஒரு முழுப் பொருள் முடிய வேண்டும். பிளவுஸ் வகுப்பில் அது ஒரு சுருக்குப் பை. நாலு நேர்த்தையல், நாடா கோக்க ஒரு மடிப்பு, வேலை முடிந்தது. பிளவுஸுக்கும் பைக்கும் என்ன தொடர்பு என்று சில ஆசிரியைகள் கேட்பார்கள். நேர்த்தையல் பழக வெறும் துணித்துண்டில் கோடு கோடாகத் தைக்கச் சொன்னால், வீட்டில் உள்ளவர்கள் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. பையைக் காட்டலாம். அடுத்த வாரமும் மதியம் ஒரு மணி நேரம் அவருக்கென்று கிடைப்பது அந்தப் பையால்தான்.

மற்ற வாரங்கள்: இரண்டாவதில் அளவெடுத்துக் காகிதத்தில் வரைதல், மூன்றாவதில் விலை குறைந்த துணியில் வெட்டி உடல் பகுதியை இணைத்தல், நான்காவதில் கழுத்து, கை, பட்டி, ஹூக். கழுத்தையும் கையையும் ஒரே வாரத்தில் வைப்பது கொஞ்சம் நெருக்கடிதான். முடிந்தால் ஐந்தாம் வாரத்தைப் பாடமே இல்லாமல், விட்டதை முடிக்க மட்டும் ஒதுக்குங்கள்.

4. வீட்டுப்பாடத்தை முதலில் எழுதுங்கள்

ஒவ்வொரு துண்டுக்கும் மாணவி என்ன செய்து அனுப்ப வேண்டும் என்பதை, பாடத்தில் என்ன பேசப்போகிறீர்கள் என்று யோசிக்கும் முன்பே எழுதுங்கள். பாடம் என்பது அந்த வேலையைச் செய்யவைக்கப் போதுமான பேச்சு, அவ்வளவுதான். வரிசையை மாற்றினால் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் "இதைச் செய்து பாருங்கள்" என்று முடிப்பீர்கள். யாரும் செய்ய மாட்டார்கள்.

வீட்டுப்பாடத்தில் நான்கு தகவல்கள் இருக்க வேண்டும்: என்ன செய்ய வேண்டும், எதை வைத்து, எவ்வளவு நேரம் ஆகும், எதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நாலாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போவது. கழுத்துப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கிராஸ் பீஸ் என்பது கழுத்தின் ஓரத்தை முடிக்கச் சாய்வாக வெட்டிய துணிப்பட்டை.

"கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வைத்துத் தைத்துப் படம் அனுப்புங்கள்" என்று சொன்னால், எல்லாரும் பிளவுஸை விரித்து வைத்து வெளிப்பக்கத்தைத்தான் எடுப்பார்கள். வளைவில் துணி சுருங்கி நிற்பது தெரியும். ஏன் சுருங்கியது என்று தெரியாது. கிராஸ் பீஸைத் தைத்த பிறகு, அதைத் திருப்பும் முன், வளைவில் தையலுக்கு வெளியே நிற்கும் துணியில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு வெட்டுகள் போட வேண்டும். அவற்றைப் போடாவிட்டால் உள்ளே மடியும் துணி விரியாமல் இழுத்துப் பிடிக்கும். வெட்டு இருக்கிறதா என்பது உள்பக்கத்தில் மட்டுமே தெரியும். ஆகவே இப்படி எழுதுங்கள்: "திருப்பும் முன், உள்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, வளைவு முழுவதும் தெரிய ஒரு படம். திருப்பித் தைத்த பிறகு வெளிப்பக்கம் ஒரு படம். இரண்டிலும் பக்கத்தில் இஞ்ச் டேப் இருக்கட்டும்."

டேப் எதற்கு என்றால், ஃபோன் படத்தில் கால் அங்குலமும் அரை அங்குலமும் ஒன்றுபோலவே தெரியும்.

ஒவ்வொரு வீட்டுப்பாடத்துக்கும் ஒரு சரிபார்ப்புத் துண்டும் சேர்த்துக் கொடுங்கள். மூன்று கேள்விகள் போதும். "வளைவில் வெட்டுகள் தையலைத் தொட்டுவிடாமல் நிற்கின்றனவா? இரு தோள்பட்டைகளும் ஒரே அகலமா? கழுத்தை மேசையில் வைத்தால் தட்டையாகப் படிகிறதா?" படம் அனுப்பும் முன் தானே பார்த்துத் திருத்துபவர்கள் வருவார்கள், உங்கள் வேலையும் குறையும்.

வேலை என்றதும் ஒரு கணக்கு. முப்பது மாணவிகள், வாரத்துக்கு மூன்று படங்கள், ஒரு படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல நான்கு நிமிடம் என்றால் வாரத்துக்கு ஆறு மணி நேரம். இந்த ஆறு மணி நேரம் உங்களிடம் இல்லையென்றால் அணியை, அதாவது ஒரு தடவையில் சேர்க்கும் மாணவிகளின் எண்ணிக்கையை, சிறிதாக்குங்கள். படங்களைக் குறைக்காதீர்கள்.

5. தளம்

இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். உங்கள் மாணவிகள் ஏற்கெனவே அன்றாடம் திறக்கும் செயலிதான் நல்ல தளம். பெரும்பாலானவர்களுக்கு அது வாட்ஸ்அப்.

முதல் அணிக்கு வாட்ஸ்அப் குழுவும் யூடியூபில் பட்டியலிடப்படாத காணொளிகளும் போதும். ஆனால் இணைப்பு கையில் கிடைத்தவர் யாரும் அந்தக் காணொளியைப் பார்க்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டே பயன்படுத்துங்கள். குழுவில் ஒரு தொல்லை உண்டு: பாடமும் "காலை வணக்கமும்" ஒன்றாகக் கலந்து, இரண்டு நாள் கழித்து வருபவருக்குப் பாடம் கிடைக்காது. ஆசிரியை மட்டும் எழுதக்கூடிய குழு ஒன்று, எல்லாரும் பேசும் குழு ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

வீட்டுப்பாடங்களைத் தனித்தனியாக வாங்கி, யார் அனுப்பவில்லை என்று ஒரே பார்வையில் பார்க்க கூகுள் கிளாஸ்ரூம் வசதியானது, கட்டணமும் இல்லை. சொந்தமாக வகுப்புத் தளம் அமைக்க உதவும் மூடில் (Moodle) மென்பொருள் இலவசம்தான். அதை நிறுவவும் சர்வர் வாடகையைக் கட்டிப் பராமரிக்கவும் ஆள் வேண்டும். இரண்டு அணிகளாவது முடித்த பிறகு அதைப் பற்றி யோசியுங்கள். நேரலைக்கு ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிட வரம்பு உண்டு. அதை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை.

6. ஒரு பாடத்தை எழுதுதல்

ஒரு காணொளி, ஒரு வேலை, ஆறு நிமிடம். இந்த ஆறு எங்கிருந்து வந்தது? எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடநெறிகளில் சுமார் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசிய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்வைகளில் பாதி ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அவை பல்கலைக்கழகப் பாடங்கள். மடியில் குழந்தையோடு பார்ப்பவருக்கு ஆறே அதிகம்.

தையலில் சில வேலைகள் ஆறு நிமிடத்துக்குள் அடங்காது. கை இணைப்பது அப்படி. அதை நடுவில் வெட்டாமல், கைகள் ஓய்ந்து நிற்கும் இடத்தில் வெட்டுங்கள். குண்டூசி குத்தி முடித்தது ஒரு காணொளி, மெஷினில் ஓட்டுவது அடுத்தது. மாணவியும் அங்கேதான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார்.

பாடத்தின் உள்வரிசை: முடிந்த பொருளை முதலில் காட்டுங்கள். அடுத்து தேவையான பொருட்கள். பிறகு செய்முறை. பிறகு தவறாகச் செய்த ஒரு மாதிரியைச் சரியானதன் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கடைசியில் வீட்டுப்பாடம். தவறான மாதிரியைக் காட்டப் பலருக்குத் தயக்கம் இருக்கிறது, தன் பெயர் கெட்டுவிடும் என்று. மாணவிக்குத் தன் கையில் இருப்பதோடு ஒப்பிட அதுதான் உதவும். சரியான மாதிரியை மட்டும் பார்த்தவர் தன்னுடையதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

மூன்று பாடங்களுக்கு ஒருமுறை, காணொளியைத் திறக்காமல் பழைய பாடத்திலிருந்து கேள்வி கேளுங்கள். "டாட் தைத்து முடிக்கும் முனையில் என்ன செய்ய வேண்டும்? பார்க்காமல் எழுதுங்கள்." இதற்கு வலுவான காரணம் உண்டு. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், படித்ததையே திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதத்தை. வேடிக்கை என்னவென்றால், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். காணொளியை இரண்டாம் முறை பார்க்கும் மாணவி "எனக்கு எல்லாம் வந்துவிட்டது" என்று சொல்வது பொய்யல்ல, அப்போதைக்கு வந்துவிட்டது.

பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்துப் படிக்க வேண்டாம், படிப்பது கேட்கும்போதே தெரிந்துவிடும். குறிப்புகளாக எழுதுங்கள். ஆனால் அளவுகளை மட்டும் முழுதாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வாய் தவறி "அரை" என்பதற்குப் பதில் "கால்" என்று சொன்னால் முப்பது பிளவுஸ் பாழாகும்.

அச்சிட்டுக்கொள்ளும் தாள் ஏதாவது தருவதாக இருந்தால், ஓரத்தில் இரண்டு அங்குலச் சதுரம் ஒன்று வரைந்து, "அச்சிட்ட பின் இதை அளந்து பாருங்கள்" என்று எழுதுங்கள். ஜெராக்ஸ் கடைகளில் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அச்சிடுவது வழக்கம். கழுத்து வடிவமும் சேர்ந்து சுருங்கிவிடும்.

7. படப்பிடிப்பு

இப்போது கேமராவை எடுக்கலாம்.

கேமரா உங்கள் எதிரே நிற்கக் கூடாது. எதிரே நின்றால் மாணவிக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும்; உங்கள் வலது அவருக்கு இடது. உங்கள் தோளுக்குப் பின்னால், சற்று மேலிருந்து கீழ்நோக்கி வையுங்கள். நீங்கள் பார்ப்பதையே அவரும் பார்ப்பார். செல்ஃபி கேமராவைத் தொடவே வேண்டாம். பல ஃபோன்களில் அது கண்ணாடி பிம்பமாகப் பதிவாகும், ஹூக் எந்தப் பக்கம், வளையம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் மாறிப்போகும்.

வெளிர்நிறப் பருத்தித் துணியில் அடர்நிற நூல். இது வழக்கமான தையல் பாடத்துக்கு நேர்மாறு, தெரிந்தேதான் சொல்கிறேன். ஒரே நிறத்தில் தைத்தால் அழகாக இருக்கும், தையல் எங்கே போகிறது என்று தெரியாது. பூப்போட்ட துணி கூடவே கூடாது.

வெளிச்சம் ஜன்னலிலிருந்து இடப்பக்கமாக வரட்டும். வலப்பக்கம் வெளிச்சம் இருந்தால் வலது கையின் நிழல் ஊசியின் மேலேயே விழும். இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளலாம்.

ஒலிக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும், சட்டையில் குத்தும் சிறு மைக் வாங்குங்கள். படம் சற்று மங்கினாலும் மாணவி பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லையென்றால் மூடிவிடுவார். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். மெஷின் ஓடும்போது பேசாதீர்கள்: செய்யப்போவதைச் சொல்லுங்கள், பிறகு ஓட்டுங்கள், நிறுத்திவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். சத்தத்தை மீறிக் கத்தியவர்களின் காணொளிகளைத் தொகுக்கும்போது எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டால் இந்த விதி மறக்காது.

பின்னணி இசை வேண்டாம். தலைப்பு சுழன்று வரும் ஐந்து விநாடி அறிமுகமும் வேண்டாம். ஒரே காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டுவது எரிச்சல். அளவுகளை மட்டும் பெரிய எழுத்தில் திரையில் போடுங்கள்: "1½ அங்குலம்". சொல்வதையெல்லாம் எழுத்தாகவும் போட்டால் கண் எழுத்துக்குப் போய்விடும், கையைப் பார்க்காது.

ஃபோனில் 1080 தரத்தில் எடுத்த காணொளி ஒரு நிமிடத்துக்கே சுமார் 100 எம்.பி. வரும். அதை அப்படியே குழுவில் போடக் கூடாது. 480 தரத்துக்குச் சுருக்கிய பிரதி ஒன்றையும் தயார் செய்து, அந்த மலிவான இரண்டாவது ஃபோனில் ஓட்டிப் பாருங்கள். கிராஸ் பீஸின் வெட்டுகள் அதில் தெரிகின்றனவா? தெரியவில்லையென்றால் கேமரா தூரத்தில் இருக்கிறது. தரத்தைக் கூட்டுவதால் பயனில்லை, பக்கத்தில் கொண்டுவந்து எடுங்கள்.

முதல் வாரத்துக்கான காணொளிகளை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

8. வெள்ளோட்டம்

ஐந்து பேருக்கு முதல் வாரத்தை மட்டும் நடத்துங்கள். நண்பர்கள் வேண்டாம், அவர்கள் "அருமை" என்றுதான் சொல்வார்கள்.

இவர்களிடம் பாடம் பிடித்ததா என்று கேட்பதைவிட, யூடியூபின் பார்வையாளர் வரைபடத்தையும் வந்த படங்களையும் பாருங்கள். வரைபடத்தில் ஓர் இடத்தில் கோடு மேடாக எழும்பினால் அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் கை வேகமாகப் போன இடமாக இருக்கும். ஐந்து பேர் என்றால் வரைபடம் அதிகம் சொல்லாது, அப்போது நேராகக் கேட்டுவிடுங்கள்: "எந்த இடத்தில் நிறுத்திப் பின்னால் போனீர்கள்?" மூன்று பேர் ஒரே தவறைச் செய்திருந்தால் தவறு பாடத்தில் இருக்கிறது. ஒருவர் மட்டும் செய்திருந்தால் அவருக்குத் தனியாகப் பதில் சொன்னால் போதும்.

இதைப் பார்த்த பிறகுதான் மற்ற மூன்று வாரங்களை எடுக்க வேண்டும்.

9. கட்டணமும் சான்றிதழும்

கொஞ்சமாவது கட்டணம் வையுங்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய பாடநெறிகளில், 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம்தான். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் பேர் முடித்தார்கள். பணம் கட்டினால் ஆர்வம் வரும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது, ஆர்வமுள்ளவர்தான் பணம் கட்டுகிறார் என்றும் கொள்ளலாம். எப்படியானாலும் உங்கள் ஆறு மணி நேரம் அவர்களுக்குப் போவது நல்லது.

சான்றிதழ் தருவதாக இருந்தால், எதைச் செய்தவருக்கு என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். "எல்லாக் காணொளியும் பார்த்தவருக்கு" என்பது சான்றிதழ் அல்ல. "பிளவுஸ் தைத்து, உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் படம் அனுப்பியவருக்கு" என்று இருக்கட்டும்.

10. நடத்தும் நாட்களில்

பாடங்களை மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள். வாரத்தின் முதல் நாள் அந்த வாரத்துக்கானவை மட்டும். மொத்தமாகத் திறந்தால் ஆர்வமுள்ளவர் முதல் இரவிலேயே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுவார். கை எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கும். வீட்டுப்பாடத்துக்கு நாளும் நேரமும் சொல்லுங்கள். ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களில் வாராவாரம் ஒப்படைப்புக்குக் கடைசித் தேதி இருப்பது இதற்காகத்தான்.

படம் வந்த மறுநாளுக்குள் பதில் போக வேண்டும். மூன்று நாள் கழித்து வரும் திருத்தம் அடுத்த பாடத்தின் மேல் விழுந்து குழப்பும். பதிலில் ஒன்று சரியாக வந்தது, ஒன்று திருத்த வேண்டியது, இவ்வளவு போதும். ஐந்து குறைகளைச் சொன்னால் எதையும் திருத்த மாட்டார். எதை முதலில் திருத்தினால் மற்றவை எளிதாகுமோ அதை மட்டும் சொல்லுங்கள். வந்த படத்திலேயே விரலால் ஒரு வட்டம் போட்டு, ஒரு நிமிடக் குரல் பதிவோடு அனுப்புவது எழுதுவதைவிட வேகம். "இந்த வட்டத்தில் பாருங்கள் அம்மா, வெட்டு போடாமல் திருப்பிவிட்டீர்கள். பிரித்துவிட்டு, அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு போட்டுத் திருப்புங்கள், படியும்."

குறைகளைத் தனியாகவும், நன்றாக வந்ததைக் குழுவிலும் சொல்லுங்கள். முதல் வாரத்தில் ஒரே ஒருவரின் பையை வானளாவப் புகழ்ந்தீர்கள் என்றால் மற்றவர்கள் படம் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள், இதை நீங்கள் கண்கூடாகப் பார்ப்பீர்கள்.

இரண்டாம் வாரத்தின் நடுவில் சிலர் மௌனமாவார்கள். காகிதத்தில் வரைவது அலுப்பான வேலை, கையில் பொருளும் வராது. ஒரு வீட்டுப்பாடம் தவறிய உடனேயே தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள், "ஏன் அனுப்பவில்லை?" என்று கேட்காமல், "எந்த இடத்தில் நிற்கிறீர்கள், முன்பாகமா பின்பாகமா?" என்று. முதல் கேள்விக்குச் சாக்குதான் பதிலாக வரும். இரண்டாவது கேள்விக்கு "பின்பாகம் முடித்துவிட்டேன், முன்பாகத்தில் டாட் எங்கே வைப்பது என்று தெரியவில்லை" என்று வரும். இரண்டு வீட்டுப்பாடம் தவறிய பிறகு கேட்டால் பெரும்பாலும் பதிலே வராது.

நேரலையைப் பாடம் நடத்தப் பயன்படுத்தாதீர்கள், அதற்குக் காணொளி இருக்கிறது. வந்த படங்களில் ஐந்தாறை, பெயர் சொல்லாமல், அனுப்பியவரின் சம்மதத்தோடு திரையில் வைத்து, "இதில் என்ன செய்யலாம்?" என்று மற்றவர்களைக் கேளுங்கள். பிறர் துணியில் தவறு கண்டுபிடிக்கப் பழகிய கண் தன் துணியிலும் கண்டுபிடித்துவிடும்.

11. அடுத்த அணிக்கு முன்

எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். ஒரே திருத்தத்தை நாலைந்து பேருக்கு மேல் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை மட்டும் மாற்றுங்கள். அதிலும் முழுக் காணொளியை எடுக்கும் முன், தவறான மாதிரியைக் காட்டும் முப்பது விநாடித் துண்டு ஒன்றை மட்டும் சேர்த்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

காணொளிகளில் தேதி, விலை, "சென்ற வாரம் பார்த்தோமே" போன்ற பேச்சு இருந்தால் அவற்றை வெட்டிவிடுங்கள். பாடத்தின் வரிசை மாறும்போது இவைதான் இடிக்கும். கோப்புகளுக்கு "வாரம்3-கழுத்து-2" என்பதுபோலப் பெயர் வையுங்கள், ஃபோன் தானாகத் தரும் எண்ணை விட்டுவைக்காதீர்கள். முதல் அணியினர் அனுப்பிய படங்களில், அவர்கள் சம்மதித்தவற்றை, சரியானவை ஒரு கோப்புறையிலும் தவறானவை இன்னொரு கோப்புறையிலுமாகச் சேமித்துவையுங்கள். அடுத்த அணிக்கான தவறான மாதிரிகளை நீங்கள் உட்கார்ந்து தைக்க வேண்டியிருக்காது.